ஷெட்டுக்குள் மட்டும் வரும் நோய்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி செல்ஃப் அடித்தேன். இந்த முறை அந்த ‘டிக்’கும் இல்லை. டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் மெழுகுவர்த்தி அணைகிற மாதிரி மங்கி மறைந்தன.

2023 ஈஸ்டர் விடுமுறை முடிந்த மறுநாள் அது. தென்னாப்பிரிக்காவில் புனித வெள்ளியும் அடுத்து வரும் திங்களும் விடுமுறை. எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்றுதான் பூமிதி. புதிதாக இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே நூறாண்டுக்கும் மேலாக வேர்விட்டவர்களுக்கு அதில் வேடிக்கை எதுவுமில்லை. கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதால் நண்பர் காரில் போய்விட்டோம். என் கார் வியாழன் மாலை ஷெட்டுக்குள் போனது, செவ்வாய் காலை வரை வெளியே வரவில்லை. நான்கு முழு நாள். நன்றாக இருக்கிற ஒரு பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை.

கார் பழையது, ஆனால் கிழம் இல்லை. 2014 மாடல், கைமாறி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்து கப்பலேறி வந்த சின்னக் கார். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். வாங்கும்போது அந்தப் பாசத்தில் கொஞ்சம் விலை கூடவே கொடுத்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். வீடு நார்த்டேலில், மேட்டுத் தெரு. வீட்டுக்கு அடியிலேயே மண்ணைக் குடைந்து ஷெட் கட்டியிருக்கிறார்கள். மேலே கான்கிரீட் தளம், மூன்று பக்கமும் மண் அணைத்த சுவர், முன்னால் இரும்புக் கதவு. இந்தச் சுவரும் கதவும் பின்னால் முக்கியமாகப் போகின்றன, நினைவில் வையுங்கள்.

பக்கத்து வீட்டு ஆயாவின் பேரன் தன் பக்கியைக் கொண்டுவந்தான். இங்கே பிக்கப் வண்டிக்குப் பக்கி என்றுதான் பெயர். ஜம்பர் கேபிள் போட்டோம். சிவப்பு முனை இரண்டு பாசிட்டிவிலும். கறுப்பு ஒரு முனை அவன் பேட்டரியின் நெகட்டிவில், மறு முனை என் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். செத்த பேட்டரியின் நெகட்டிவிலேயே கடிக்க விடக்கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், கடைசி கிளிப் தொடும்போது பொறி பறக்கும், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. முதல் அடியிலேயே எடுத்துக்கொண்டது.

பேட்டரிக் கடையில் சோதித்துவிட்டு, நான்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, ஏறக்குறைய 1,600 ராண்ட். மாற்றினேன். நியாயமான தீர்ப்பாகத்தான் தெரிந்தது. ஏப்ரல் கடைசியில் இன்னொரு நீண்ட விடுமுறை வந்தது. 27ஆம் தேதி சுதந்திர நாள், மே 1 தொழிலாளர் நாள். நடுவில் வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். புதன் மாலை நிறுத்திய கார், அடுத்த செவ்வாய் காலை அதே ‘டிக்’.

மூன்று வாரப் பேட்டரி. அப்போதுதான் கோபம் வந்தது.

கடைக்காரர் தன் கருவியை வைத்துப் பார்த்து, 11.3 வோல்ட் என்று காட்டினார். விளக்கை அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்றார். விடவில்லை என்றேன். அடிவரை இறங்கிய பேட்டரிக்கு வாரண்டி கிடையாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் எரிச்சல். ஈய அமில பேட்டரி முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும்போது 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் அது கவலைக்கிடம். காரைக் கிளப்புகிற பேட்டரி ஒரு நொடி முழு பலத்தைக் கொடுத்துவிட்டு உடனே சாப்பிட உட்காருகிற வகை. அடிவரை காலியாக விட்டு அப்படியே கிடத்தினால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நானோ விளக்கை எரியவிடவில்லை. அப்படியானால் வேறு எதுவோ பேட்டரியைக் குடிக்கிறது. அந்த எதுவோ யார் என்று கண்டுபிடிக்காமல் பேட்டரி மாற்றுவது, ஓட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் லாரி சொல்வது மாதிரி.

வில்லோட்டன் தொழிற்பேட்டையில் ஒரு வாகன எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். தமிழ்க் குடும்பம், ஐந்தாவது தலைமுறை. வணக்கம், சரி, தண்ணி, இந்த மூன்றோடு அவர் தமிழ் முடிந்துவிடும். ஆனால் அந்த ‘வணக்க’த்தை நம்மூரில் யாரும் சொல்லாத அழுத்தத்தோடு சொல்வார். நிதானமான மனிதர். கார் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்த்தார், 14.2 வோல்ட், பழுதில்லை. காரைப் பூட்டி அரை மணி தூங்கவிட்டு, நெகட்டிவ் கேபிளைச் சுற்றி க்ளாம்ப் மீட்டரை மாட்டினார். 40 மில்லி ஆம்பியர்.

இதற்கு ஒரு சின்ன கணக்கு போட வேண்டும். கார் அணைந்திருந்தாலும் கடிகாரம், அலாரம், ரிமோட்டுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் பூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாக யாரும் கவலைப்பட மாட்டார்கள். 40 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-மணிகூட முழுதாக ஆகாது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாவதற்கே மூன்று வாரத்துக்கு மேல் ஆக வேண்டும். ஐந்தாறு நாளில் சாக வழியே இல்லை. “வண்டி நன்றாகத் தூங்குகிறது, நீங்கள்தான் தூங்கவில்லை போலிருக்கிறது” என்று சிரித்தபடி என்னை அனுப்பிவிட்டார். பணமும் வாங்கவில்லை.

அவர் பட்டறையில் இல்லாத நோய் என் ஷெட்டில் இருந்தது. இது எனக்கு உறைக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

முதலில் எல்லோரும் சந்தேகப்படுகிற இடங்களையே நானும் சந்தேகப்பட்டேன். டிக்கி விளக்கு, கபி ஹோல் விளக்கு. டேஷ்போர்டில் இடது பக்கம் இருக்கும் சின்னப் பெட்டிக்கு இந்த ஊரில் கபி ஹோல் என்று பெயர். அதன் சுவிட்ச் மாட்டிக்கொண்டால் மூடிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. 5 வாட் பல்பு என்றால் 400 மில்லி ஆம்பியர், ஐந்தே நாளில் ஒரு பேட்டரியை வழித்துக் குடித்துவிடும். மூடிய பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால் கும்மிருட்டு, நான் வெளியே முணுமுணுத்தது மட்டும் பதிவாகியிருந்தது. டிக்கியிலும் அப்படியே. டிக்கி வீடியோவை என் மகள் இன்னும் அழிக்கவில்லை. யாராவது விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டுவாள்.

அப்புறம் சொந்தமாக ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். 250 ராண்ட். வீட்டில் இருப்பவர்கள் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

மின்னோட்டத்தை அளக்க மீட்டரை வழியின் குறுக்கே வைக்க வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, ஒரு முனை பேட்டரியில், மறு முனை கழற்றிய கேபிளில். காருக்குப் போகும் மொத்த மின்சாரமும் இப்போது கையடக்க மீட்டருக்குள் புகுந்துதான் போக வேண்டும். அதற்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. இதை எல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட நான் என்ன செய்தேன் என்றால், ரேடியோ நேரம் மாறியிருக்கிறதே என்று, மீட்டர் மாட்டியிருக்கும்போதே போய்ச் சாவியைத் திருப்பினேன். ஏசி விசிறி, பெட்ரோல் பம்ப், எல்லாம் ஒன்றாக விழித்தன. ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் 0.00 என்று காட்டியது.

ஒரு மணி நேரம் நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன். கசிவே இல்லை! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு, “கடிகாரம்கூட ஓடலையே, அப்போ எப்படி வண்டி தூங்கறதா சொல்றீங்க?” என்றாள். ஃபியூஸ் போய்விட்டிருந்தது. கடையில் ஒரு பாக்கெட் ஃபியூஸ் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் இரண்டு இந்தக் கதை முடிவதற்குள் செலவாகின.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். பானெட்டைத் திறந்து வைத்து, ஓட்டுநர் கதவின் பூட்டு நாக்கைத் திருப்புளியால் அழுத்தி மூடவைத்தேன். கதவு திறந்திருக்கும், கார் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். (முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்த நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு வளையும்.) சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவே முதலில் ஒரு துண்டு ஒயரை இணைத்து, பிறகு கிளாம்பைக் கழற்றி, மீட்டரை மாட்டி, கடைசியில் ஒயரை எடுத்தேன். இப்படிச் செய்தால் மின்சாரம் ஒரு கணமும் அறுபடாது. அறுபட்டால் காரின் மின்னணுப் பெட்டிகள் எல்லாம் திடுக்கிட்டு விழித்து, மறுபடி தூங்க அரை மணி, சில கார்களில் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். முக்கால் மணி காத்திருந்தேன். 0.04. வில்லோட்டனில் பார்த்த அதே எண். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது.

சரி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். தினமும் காலை ஆறரைக்கு வோல்ட் மட்டும் எழுதுவது. வண்டியை எடுக்காத நாட்களாகப் பார்த்து எழுதினேன், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்பதால் வசதி. 12.62. மறுநாள் 12.60. அதற்கு மறுநாள் 12.52. அப்புறம் 12.50. அதற்கடுத்து 12.41. இந்த எண்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கசிவு ஒரே சீராக இருந்தால் இறக்கமும் சீராக இருக்க வேண்டும். இது படிக்கட்டு மாதிரி இருந்தது. ஒரு நாள் சும்மா இருக்கிறது, ஒரு நாள் தடாலென்று இறங்குகிறது. ஏதோ ஒன்று சில நாட்களில் மட்டும் விழிக்கிறது.

மே மாதத்துக் குளிர் ஆரம்பித்திருந்தது. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தின் மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லோட்ஷெடிங் என்று பெயர், அட்டவணை போனிலேயே வரும், ஸ்டேஜ் எண் கூடக் கூட ஒரு நாளில் இரண்டிரண்டு மணி நேரமாக வேளைகள் கூடும். தமிழ்நாட்டில் 2012-ஐ அனுபவித்துவிட்டு வந்தவன் நான், எனக்கு இது பழைய உறவுக்காரரைப் பார்ப்பது மாதிரி.

ஒரு புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு இறங்கினேன். மாலையிலேயே மீட்டரை மாட்டி வைத்திருந்தேன். 0.04. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். 0.04. டீ குடித்தேன். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். 0.09 என்றது. 0.31. 0.12. 0.38. 0.27. எண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தன.

நான் காரைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை. ஊர் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் என் கார் மட்டும் எதையோ செய்துகொண்டிருந்தது.

அந்தக் குதிப்பு எனக்கு ஒன்றைச் சொன்னது. பல்பு எரிந்தால் எண் ஆணியடித்த மாதிரி நிற்கும். ரிலே ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான். ஆல்டர்னேட்டரில் டயோடு கசிந்தாலும் ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கும். ஏறி இறங்கி, யோசித்து, மறுபடி ஏறுவது மூளை உள்ள பொருள். ரேடியோவா, அலாரமா?

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை, பிடுங்கிச் செருகும்போதே தூங்குகிற பெட்டி விழித்துக்கொள்ளும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஃபியூஸின் தலையில் இரண்டு பொட்டுப் பொட்டாக உலோகம் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு பொட்டையும் தொட வேண்டும். ஃபியூஸும் ஒரு கம்பிதானே, அதற்கும் மிகச் சின்னத் தடை உண்டு. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஏழெட்டு மில்லி ஓம். 0.3 ஆம்பியர் ஓடினால் இரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டிக் கொடுத்துவிடும். எதையும் கழற்ற வேண்டாம், எழுப்ப வேண்டாம். குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற மாதிரி.

ஆளுக்கொரு தொடுகை, எல்லாம் பூஜ்யம். ரேடியோ ஃபியூஸில் ஒரு துளி, அலாரத்தில் ஒரு துளி. பானெட்டுக்குள் இருந்த பெரிய 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றில் 0.3 மில்லிவோல்ட் ஆடியது. 250 ராண்ட் மீட்டரின் கடைசி இலக்கம் சும்மாவே ஆடும் என்று அதை விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. 40 ஆம்பியர் ஃபியூஸ் தடித்தது, அதன் தடை ஒன்றரை மில்லி ஓம் பக்கம்தான். அதில் 0.3 மில்லிவோல்ட் என்றால் 0.2 ஆம்பியர். பதில் என் கண் முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தது, நான் அதைத் தூசி என்று தட்டிவிட்டேன்.

வில்லோட்டன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. ஷெட்டுக்குள் எப்போதும் ஒரு கோடுதான் இருக்கும், இப்போது அதுவும் இல்லை. தெருவுக்கு ஏறிப்போனால் ஒரு கோடு வந்து வந்து போனது. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. மின்சாரம் போனதும் செல்போன் கோபுரம் தன் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை வெட்டினால் அந்த பேட்டரிக்கு ஏற நேரம் இருக்காது. பல இடங்களில் பேட்டரியையே திருடிக்கொண்டும் போய்விட்டார்கள். அப்போது பக்கத்துக் கோபுரம் சீக்கிரமே அணைந்துவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கும் கோபுரம் மட்டும் காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும்.

இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி போனைப் பார்த்தேன். சாயங்காலம் 60 சதவீதம் இருந்தது, இப்போது 20. சிக்னல் தேடி ஒரு முறை எடுத்ததைத் தவிர நான் அதைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் கோபுரம் இல்லாதபோது போன் தன் முழு பலத்தையும் கூட்டி, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துக் கத்துகிறது. பதில் சரியாக வராது, மறுபடி கத்துகிறது. அதனால்தான் பேருந்தில் மலைப்பாதையில் போகும்போது சார்ஜ் ஓடுகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் காருக்குள்ளும் ஒரு போன் கத்திக்கொண்டிருக்கிறது!

நோட்டுப் புத்தகத்தையும் மின்வெட்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படிக்கட்டு இறங்கிய நாள் எல்லாம் வெட்டு அதிகமான நாள். வில்லோட்டன் பட்டறையில் நல்ல சிக்னல், மேலே தகரம் மட்டும். அங்கே அது ஏன் கத்தப்போகிறது?

இந்த நாட்டில் காருக்குள் போன் இருப்பது அதிசயமில்லை. டிராக்கர் என்று பெயர். கார் திருட்டுக்குப் பயந்து பல காப்பீட்டு நிறுவனங்கள் அதைப் பொருத்தச் சொல்லி நிபந்தனை போடுகின்றன. என்னிடமும் ஒன்று இருந்தது, மாதச் சந்தா கட்டி வந்தேன். முதல் சந்தேகம் அதன் மேல்தான். அந்த நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர் சனிக்கிழமை வந்தார். எங்கே ஒளித்திருக்கிறோம் என்று சொல்ல மாட்டேன், திரும்பி நில்லுங்கள் என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் காரில், என் ஷெட்டில், சுவரைப் பார்த்து நின்றேன். தன் கருவியைக் கழற்றிவிட்டு மாலை வரை இருக்கச் சொன்னால் அவருக்கு வேறு இடம் போக வேண்டும். கடைசியில் ஒரு சமரசம், அவர் கழற்றிக் கையோடு கொண்டுபோனார், திங்களன்று மறுபடி மாட்டுவதாகச் சொன்னார். அன்று இரவு வெட்டு வந்தது. முக்கால் மணியில் மீட்டர் குதிக்க ஆரம்பித்தது. 0.28, 0.35, 0.11.

அப்படியானால் இன்னொன்று இருக்க வேண்டும்.

பின் கண்ணாடி ஞாபகம் வந்தது. காரை வாங்கிய வாரம், அதன் வலது மூலையில் ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிந்து அசிங்கமாக ஒட்டியிருந்தது. பிளேடும் யூகலிப்டஸ் தைலமும் வைத்து ஒரு ஞாயிறு முழுக்கச் சுரண்டி எடுத்தவன் நான்தான். அதில் ஏதோ செயற்கைக்கோள் படம் போட்டிருந்தது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அந்தச் செவ்வகம் இன்னும் கண்ணாடியில் லேசாகத் தெரிகிறது. முந்தைய உரிமையாளர் ஒரு டிராக்கர் வைத்திருந்திருக்கிறார். காரை விற்றதும் சந்தாவை நிறுத்தியிருக்கிறார். கருவியைக் கழற்ற யாரும் வரவில்லை. சந்தா நின்றது கருவிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இருக்கிறது என்று தெரிந்தாயிற்று, எங்கே என்று தெரிய வேண்டும். திருடன் கண்ணில் படக்கூடாது என்று தொழில் தெரிந்தவர் ஒளித்து வைத்த பொருள். காரின் ஒயர்க் கட்டோடு கட்டாக, கம்பெனி சுற்றிய அதே துணி டேப்பைச் சுற்றி வைத்திருப்பார்கள். கண்ணால் தேடினால் கிடைக்காது. ஆனால் கத்துகிறதே. கத்துகிற பொருளைக் காதால் தேடலாம்.

பழைய ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்தால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் ‘டிக்-டிடிக்-டிடிக், பர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். ஜிஎஸ்எம் என்ற செல்போன் முறையில் பேசும் கருவி நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலையை வீசுவதால் வரும் சத்தம் அது. எங்களிடம் ரேடியோ இல்லை. பக்கத்து வீட்டு ஆயாவிடம் கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு, லோட்டஸ் எஃப்எம்முக்காகவே வைத்திருக்கிறார். எண்பது தாண்டியவர். அவருடைய தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். ஆயாவின் தமிழ் அந்தக் கப்பலிலிருந்து இறங்கியபடியே இருக்கிறது. எங்கள் பாட்டி பேசிய அதே ‘இன்னா’.

“ஆயா, ரேடியோ வேணும், ஒரு ராத்திரிக்கு.”

“இன்னாத்துக்குப்பா?”

“வண்டியில ஒண்ணு தேடணும்.”

“ரேடியோவ வெச்சா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, எடுத்துனு போ. பேட்டரி புச்சு, தீத்துடாத.”

அடுத்த வெட்டு இரவு பத்து மணிக்கு. ரேடியோவை ஏஎம்முக்கு மாற்றி, எந்த நிலையமும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தினேன். சாதாரண நாளில் ஏஎம்மில் ஒரே இரைச்சலாக இருக்கும், தெருவில் இருக்கிற ஒவ்வொரு சார்ஜரும் எல்ஈடி பல்பும் அதில் எச்சில் துப்பும். மின்வெட்டில் அந்த இரைச்சல் முழுதாக அடங்கிவிடுகிறது. வெறும் காற்றுச் சத்தம், கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி. என் போனைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், அதன் சத்தத்தையே துரத்தக்கூடாது என்று.

மீட்டர் குதித்தது. அதே நேரம் ரேடியோவில் ‘டிடிக்-டிடிக்’. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

ரேடியோவைக் கையில் பிடித்துக் காருக்குள் மெல்ல நகர்த்தினேன். பின் இருக்கையில் லேசு. முன்னால் வர வர பெரிசு. ஸ்டீயரிங் அடியில் பெரிசு. இடது பக்கம் போனால் இன்னும் பெரிசு. கபி ஹோலைத் திறந்து உள்ளே நீட்டியபோது ரேடியோ கிட்டத்தட்ட அலறியது. அதன் பின்புறம். போனை வீடியோ எடுக்க வைத்து மூடினேனே, அதே பெட்டியின் முதுகுப் பக்கம், ஒரு சாண் தூரத்தில்.

நான்கு திருகாணி, இரண்டு கிளிப். பெட்டியை இறக்கிவிட்டு விளக்கைக் காட்டினால் ஒயர்க் கட்டு மட்டும்தான் தெரிந்தது. விரலால் தடவினேன். மற்ற இடங்களில் உருண்டையாக இருந்த கட்டு ஓரிடத்தில் சப்பையாகக் கட்டியாக இருந்தது. டேப்பைப் பிரித்தேன். தீப்பெட்டியைப் போல இரண்டு மடங்கு இருக்கும், கறுப்பு, தொட்டால் வெதுவெதுப்பு. அதன் சிவப்பு ஒயரைப் பின்தொடர்ந்தால், சாவி சுவிட்சுக்குப் போகும் தடித்த ஒயரில் தோலைச் சீவிச் சுற்றியிருந்தது. அந்தத் தடித்த ஒயர் வருவது பானெட்டுக்குள் இருக்கும் 40 ஆம்பியர் ஃபியூஸிலிருந்து. 0.3 மில்லிவோல்ட் காட்டிய அதே ஃபியூஸ்.

ஒயரை உடனே வெட்டிவிடத்தான் கை அரித்தது. ஆனால் யாருடையதோ, எந்த அலாரம் எங்கே அடிக்குமோ. காலையில் பெட்டியின் மேல் இருந்த எண்ணைச் சொல்லி அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு, அந்தக் கணக்கு எப்போதோ மூடப்பட்டது, கழற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அது இத்தனை நாள் என் பேட்டரியைத் தின்றதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்கள்.

வில்லோட்டன்காரர் அதைக் கழற்றி, சீவிய இடத்துக்கு ஈயம் பற்றவைத்து டேப் சுற்றித் தந்தார். பெட்டிக்குள் ஒரு சின்ன காப்பு பேட்டரி இருந்தது, ஊதிப்போய். கத்துவதோடு, ஏறவே ஏறாத அந்த பேட்டரிக்கும் ஓயாமல் ஊட்டிக்கொண்டிருந்திருக்கும் என்பது அவருடைய கருத்து. அன்று தன் பட்டறையில் பார்த்ததோடு விட்டதற்காக அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர் அளந்தது சரியான அளவு, இடம்தான் வேறு.

என் சொந்த டிராக்கரும் திரும்பி வந்து மாட்டியாயிற்று. (மறுபடி சுவரைப் பார்த்து நின்றேன்.) அடுத்த வெட்டில் ஷெட்டில் மீட்டர் 0.02-இல் உட்கார்ந்தது, கோபுரம் அணைந்த பிறகும் அங்கேயே. ஆறு நாள் நிறுத்தி வைத்தேன், 12.64 இலிருந்து 12.57. நோட்டுப் புத்தகத்தில் இப்போது படிக்கட்டு இல்லை, லேசான சரிவு.

பேட்டரி மட்டும் முழுதாகத் தேறவில்லை. அடிவரை போய் வந்தது அதன் மேல் எழுதியிருக்கிறது. குளிர்காலக் காலைகளில் செல்ஃப் கொஞ்சம் இழுத்துச் சுற்றும். மெதுவாக ஏற்றும் சார்ஜர் ஒன்று வாங்கி இரவெல்லாம் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஒரு கூத்து, நடுவில் மின்வெட்டு வந்து போனால் அது தானாகத் திரும்ப ஆரம்பிக்காது, யாராவது போய் பொத்தானை அமுக்க வேண்டும். பின்னிரவு இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து போய் அமுக்கினேன். வாரண்டி விஷயத்தில் கடைக்காரர் இறங்கி வரவில்லை. நானும் மறுபடி போகவில்லை.

ஆயாவுக்கு ரேடியோவையும், கூடவே ஒரு ஜோடி புது செல்லையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “தம்பி, இன்னா பண்ணி வெச்ச? பாட்டே வரல, ஒரே கொர்ருனுது.”

ஏஎம்மில் விட்டுவிட்டேன். போய் மாற்றிக் கொடுத்தேன்.